அமாவாசையும் வீட்டு வரியும்

அமாவாசை தினத்தில் விடியற்காலையில் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், சென்னைப் பட்டணத்தில் பாதி கிளம்பி எங்கள் ஊருக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒவ்வொரு மின்சார ரயிலும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். தர்ப்பணம் செய்ய வந்த பெரியவர்கள், பேரக் குழந்தையின் கையைப் பிடித்த பாட்டிகள், நேர்த்திக்கடன் தீர்க்க வந்த குடும்பங்கள் எல்லோரும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஜே.என். சாலை வழியாகத் தேரடிக்குப் போவார்கள். தை அமாவாசையானால் கேட்க வேண்டியதே இல்லை. வீரராகவப் பெருமாள் சந்நிதியில் நிற்கும் வரிசைக்கு வாலும் தெரியாது, தலையும் தெரியாது.

ஸ்தல புராணம் நேயர்கள் அறிந்ததுதான். சாலிஹோத்திர முனிவரிடம் கிழப் பிராமண வடிவத்தில் வந்த பெருமாள், பசியாறியபின், "படுக்க எவ்வுள்?" என்று இடம் கேட்டாராம். அதிலிருந்து இந்த க்ஷேத்திரத்துக்குத் திருஎவ்வுள் என்ற பெயர் ஏற்பட்டது. கோயிலுக்குரிய தீர்த்தம் ஹிருத்தாபநாசினி. குளக்கரையில் வெல்லம் வாங்கித் தண்ணீரில் போட்டால், வெல்லம் கரைவது போல் வியாதியும் கரைந்துவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் தாயாரும் போட்டிருக்கிறார், நானும் போட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, வெல்லம் கரைந்த பிறகு கரையாமல் மிச்சமிருக்கும் சாமான்களைப் பற்றி. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் ரயிலேறிப் போன பிறகு தேரடிப் பக்கம் வந்து பாருங்கள். எச்சில் இலை, காகிதக் கோப்பை, பூச்சரம், தண்ணீர்ப் புட்டி, ஈரத் துணி, அறுந்த செருப்பு, தர்ப்பைப் புல் எல்லாம் கலந்து கிடக்கும். துடைப்பமும் தள்ளுவண்டியுமாகச் சில ஸ்திரீகள் வந்து குனிந்து பெருக்க ஆரம்பிப்பார்கள். தூய்மைப் பணியாளர் என்று இப்போது அவர்களுக்குக் கௌரவமான பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மாறிவிட்டது, துடைப்பத்தின் கனம் மட்டும் மாறினதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் சமூக இயல் போதிக்கிறவன். ஓர் அமாவாசைக்கு மறுநாள் வகுப்பில், "நேற்றுப் பெருக்கிய அம்மாவுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"கவர்ன்மெண்டு, சார்!" என்று பாதி வகுப்பு கத்தியது. "கோயில் உண்டியலிலிருந்து, சார்" என்றான் ஒருவன். கோயில் நிர்வாகம் அஹோபில மடத்தைச் சேர்ந்தது என்றும், கோயிலுக்கு வெளியே உள்ள வீதிகள் நகராட்சியைச் சேர்ந்தவை என்றும் விளக்கினேன். நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும், வீட்டு வரி என்றால் என்னவென்றும் சொன்னேன். அப்போது மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"அப்படின்னா வெளியூர்க்காரங்க போட்ட குப்பைக்கு எங்கப்பாவா காசு கொடுக்கிறாரு, சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக நான் பாடப் புத்தகத்திலிருந்து சொல்லிக் கொடுத்த குடிமையியலில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை.

அவள் தகப்பனாரின் காசு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி திருவள்ளூர் நகரவாசிகள் 56,074 பேர். ஊரில் மிகப் பெரிய இடங்கள் எவை என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும், கோயில், ரயில் நிலையம் என்றுதான் சொல்லும். வழிபாட்டு ஸ்தலங்களுக்கு வீட்டு வரி கிடையாது. 1920-ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிச் சட்டத்திலேயே இந்த விலக்கு உண்டு. கோயிலுக்கும் உண்டு, மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் உண்டு. ரயில் நிலையமோ மத்திய சர்க்காருடைய சொத்து. அரசியல் சட்டத்தின் 285-வது ஷரத்து அதற்குக் காப்பாக நிற்கிறது. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று என்று நாங்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். பெருமைக்கு அரையாண்டு ரசீது போட முடியாது.

போகட்டும், பக்கத்தில் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் காக்களூர் தொழிற்பேட்டை வளர்ந்ததெல்லாம் காக்களூர் ஊராட்சியின் எல்லைக்குள். ரயில் பாதையைத் தாண்டினால் மணவாளநகர். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதுவும் திருவள்ளூர்தான். ஆனால் அது வெங்கத்தூர் ஊராட்சிக் கணக்கில் வளர்ந்த இடம். அங்கே வசிப்பவர்களும் நகரத்தின் கடைவீதிக்குத்தான் வருகிறார்கள், இதே பஸ் நிலையத்தில்தான் நிற்கிறார்கள். 1997-ல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைப் பிரித்துத் திருவள்ளூரைத் தலைநகராக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வந்தது. 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்தது. மனுக் கொடுக்க வருகிறவரும் மருந்து வாங்க வருகிறவரும் ஜில்லா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் நடக்கும் தெருவின் விளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பு ஒரு சின்ன நகரத்தின் தலையில் விழுகிறது.

இதற்குச் சுலபமான பரிகாரம் சுற்றியுள்ள ஊராட்சிகளை நகரத்தோடு சேர்ப்பது என்பார்கள். 2025-ம் வருஷ ஆரம்பத்தில் தமிழ்நாடு முழுவதும் பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகரங்களோடு சேர்க்கும் உத்தேசத்தைச் சர்க்கார் வெளியிட்டபோது, பல கிராமங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. அப்போதிருந்த நூறு நாள் வேலைத் திட்டம் கைவிட்டுப் போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை அற்பமென்று நான் சொல்லமாட்டேன். நூறு நாள் கூலியை நம்பிக் குடித்தனம் நடத்துகிற ஸ்திரீக்கு, "உன் கிராமம் இனிமேல் நகரம்" என்று சொல்வது பட்டம் சூட்டுவதாகப் படாது. படியளப்பதை நிறுத்துவதாகத்தான் படும்.

வரி ஏறிய கதையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு வீட்டு வரி பொதுவாகத் திருத்தப்படவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், கூக்குரல் எழுந்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். இந்தப் பதினான்கு வருஷத்தில் அரிசி விலை ஏறவில்லையா? சம்பளம் ஏறவில்லையா? நகராட்சி வாங்குகிற விளக்குக்கும் குழாய்க்கும் மட்டும் யாராவது பழைய விலை போட்டுக் கொடுப்பார்களா? கடைசியில் 2022 ஏப்ரலில் ஒரே மூச்சில் ஏற்றினார்கள். சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவிகிதம். வியாபாரக் கட்டிடங்களுக்கும் 100.

ஓர் உதாரணம் வைத்துக் கொள்வோம். சிறிய வீட்டுக்காரர் ஒருவர் அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டி வந்தார் என்றால், அது 500 ஆயிற்று. கூடுதல் சுமை மாதத்திற்குப் பதினேழு ரூபாய்க்கும் குறைவு. ஒருநாள் காலை இரண்டு பேர் ஹோட்டலில் காபி குடித்தால் அதைவிட அதிகமாகும். இந்தப் பதினேழு ரூபாய்க்காக ஊரில் எழுந்த கூக்குரல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய தெருக்களில் தாத்தா கட்டிய நீளமான ஓட்டு வீடுகள் உண்டு. பரப்பில் பெரியவை, வருமானத்தில் சிறியவை. பிள்ளைகளெல்லாம் வெளியூரில் இருக்க, பென்ஷனை வைத்துக்கொண்டு அந்த வீட்டைக் காவல் காக்கிற கிழத் தம்பதிக்கு வரி இரட்டிப்பாயிற்று. பரப்பளவுக்குத் தராசு இருக்கிறது. பணமுடைக்குத் தராசு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டியதைத் தேர்தலுக்குப் பயந்து ஏற்றாமல் வைத்திருந்து ஒரே நாளில் கொட்டியதுதான் தவறு என்பது என் அபிப்பிராயம்.

என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனின் சங்கதி இன்னும் வேடிக்கை. தொழில் வரி என்று அரையாண்டுக்கு ஒரு முறை என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது ஸ்தல ஸ்தாபனத்தைச் சேரும் பணம். அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருஷத்திற்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்கக் கூடாது. அந்த உச்ச வரம்பு 1988-ல் ஏற்பட்டது. 1988-ல் ஓர் உபாத்தியாயருக்கு 2,500 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை! இன்று கலெக்டருக்கும் அதே 2,500தான், எனக்கும் அதே 2,500தான். வரி வாங்குகிறவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்கிறோம். மிச்சத்துக்கு நகராட்சி எங்கே போகும்? கடை வாடகை, பஸ் நிலையக் கட்டணம், அங்காடிக் குத்தகை என்று சில்லறை சேர்க்கும். அதற்கு மேல் மாநில சர்க்காரின் வரி வருமானத்திலிருந்து கிடைக்கும் பங்கு, மத்திய நிதிக் குழுவின் மானியம் என்று கையேந்தும்.

வீட்டு வரி ரசீதில் ஒரு சின்ன வரியை மட்டும் நான் எப்போதும் சந்தோஷத்தோடு படிப்பேன். அது நூலக வரி. ஒரு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்துப் பைசா. இதற்கு அஸ்திவாரம் போட்டது 1948-ம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கூட ஆகாத காலத்தில், பஞ்சமும் ரேஷனும் நாட்டை வாட்டிக் கொண்டிருந்தபோது, ஜனங்கள் படிப்பதற்கென்று தனி வரி போடலாம் என்று துணிந்தார்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல வருஷம் பாடுபட்டார். அப்போது கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதை நிறைவேற்றி வைத்தார். மாகாணங்களில் இப்படியொரு சட்டம் செய்ததில் சென்னைதான் முன்னோடி. எங்கள் ஊர் மைய நூலகத்தில் வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை மேஜையை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது. அந்த மேஜைக்குப் பணம் கொடுப்பது பக்கத்துத் தெரு ஓட்டு வீட்டுக்காரரின் பத்துப் பைசா. அவருக்கும் அது தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. வசூலித்த நூலக வரியை ஸ்தல ஸ்தாபனங்கள் உரிய நேரத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிப்பதில்லை என்ற புகார் தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. அது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பத்துப் பைசா கொடுத்ததே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

இனி, எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயத்துக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் ஆயுள் முடிந்தது. அறிவித்திருந்த தேர்தலை, சட்ட விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று ஹைகோர்ட்டு ரத்து செய்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் புதுத் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ந் தேதி. இடையில் ஐந்து வருஷத்திற்கு மேல் தனி அதிகாரிகளின் பரிபாலனம். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத காரணத்தால் மத்திய மானியத்தில் ஒரு பகுதி கூட நின்றுபோயிற்று.

அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் ஊரிலோ வேறு எந்த ஊரிலோ கலகம் நடந்ததா? இல்லை. டீக்கடையில் நான் கேட்டதெல்லாம், "கவுன்சிலர் இல்லாமலே ஊர் நன்றாகத்தான் நடக்கிறது" என்ற பேச்சுத்தான். விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, குப்பை வண்டி போயிற்று. வாஸ்தவம். வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது காவல்காரர் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கலாம். ஆனால் எந்தச் சுவரை இடிப்பது, எங்கே ஜன்னல் வைப்பது என்று அவரா தீர்மானிப்பது? கடைசியில் 2022 மார்ச் 2-ந் தேதி அங்கத்தினர்கள் பதவிப் பிரமாணம் செய்து கொண்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் வரி உயர்வு உத்தரவு வந்து சேர்ந்தது. பாவம், புது மருமகள் வாசற்படி தாண்டியதும் மாமியார் கடன் பத்திரத்தை நீட்டிய கதையாயிற்று!

நகரசபை என்றால் சாக்கடைக் காரியம், அதில் என்ன பெருமை என்று நினைக்கிறவர்கள் பழைய நாட்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, நிர்வாகத் திறமையைவிட ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி கிடைப்பதே முக்கியம் என்றார். நம்மவர்கள் அந்தப் பயிற்சியை அவர் நினைத்ததற்கும் மேலாகவே பயன்படுத்திக் கொண்டார்கள். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ.வே.ரா. பின்னால் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் ஊர்ச் சுகாதாரத்திலும் குடிதண்ணீரிலும்தான் பொது வாழ்வைத் தொடங்கினார்கள். ஸர்தார் படேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் முனிசிபாலிடியின் தலைவர். பண்டித நேரு 1923-ல் அலகாபாத் முனிசிபாலிடித் தலைவரானார். எங்கள் ஊரில் அமாவாசைக் கூட்டம் நடந்து போகும் ஜே.என். சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதில் குப்பை போடுகிறவர்களுக்கு, அவர் ஒரு காலத்தில் குப்பை வண்டிக் கணக்குப் பார்த்தவர் என்பது நினைவிருக்க நியாயமில்லை.

எங்களுக்கு மிகவும் அண்மையான உதாரணம் பூண்டி நீர்த்தேக்கம். தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானார். பட்டணத்தில் அப்போது தண்ணீர்ப் பஞ்சம். ஐரோப்பாவில் யுத்தம் வேறு மூண்டுவிட்டது. மேயர் பதவி ஒரே வருஷம். அந்த ஒரு வருஷத்துக்குள் சர்க்காரிடம் மல்லாடி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்ட அநுமதி வாங்கி, 1940-ல் வேலையும் தொடங்கச் செய்துவிட்டார். 1944-ல் அணை முடிந்தபோது அவர் இல்லை. 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். சத்தியமூர்த்தி சாகரம் என்று அவர் பெயர் மட்டும் நிலைத்தது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்தத் தேக்கத்துக்கு 1996-ல் கிருஷ்ணா நதித் தண்ணீரும் வந்து சேர்ந்தது.  அதற்காக மல்லாடியவர் ஒரு வருஷப் பதவியில் இருந்த ஒரு நகரத்தின் மேயர். பூண்டிக்கு உல்லாசப் பிரயாணம் போகும் எங்கள் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் கவனமெல்லாம் கட்டுச்சோற்றில் இருக்கும்.

இப்போது நமக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. திருவள்ளூர் நகராட்சிக்கு 27 வார்டுகள். 2022 தேர்தலில் ஸ்தல ஸ்தாபன இடங்களில் பாதி ஸ்திரீகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதல் முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல், நகரத்து வார்டில் குடியிருக்கும் எவரும் வந்து உட்கார்ந்து கேட்பதற்கு ஏற்பட்ட சபை இது. 1920-ம் வருஷத்துச் சட்டம் நூறு வருஷத்திற்கு மேல் ஆட்சி செய்துவிட்டு, 2023-ல் புதுச் சட்டத்துக்கு இடம் விட்டது. நகராட்சி அங்கத்தினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் அந்த வருஷத்தில் ஏற்பட்டது. ஒரு வார்டின் சாக்கடை, விளக்கு, சண்டை, சச்சரவு எல்லாவற்றுக்கும் விலாசம் ஒருவர், மாதம் 5,000. இதைக் கேட்டு என் மாணவர்களில் ஒருவனும் கவுன்சிலராக ஆசைப்படவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் கை தூக்கினார்கள்.

மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் கேள்விக்கு நான் அன்று முழுப் பதில் சொல்லவில்லை. "ஆமாம், உன் அப்பாதான் கொடுக்கிறார். ஆனால் கூட்டம் வருவதால் கடைவீதியில் வியாபாரமும் நடக்கிறதல்லவா?" என்றேன். அவள் விடவில்லை. "எவ்வளவு கொடுக்கிறாரு, எவ்வளவு வருது, சார்? கணக்கு எங்கே இருக்கு?" என்றாள். பூக்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் அமாவாசையால் வருமானம், சரி. ஆனால் அந்த வருமானத்தில் எத்தனை காசு திரும்பி நகராட்சியின் பெட்டிக்கு வருகிறது? வெளியூரிலிருந்து வருகிற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்காக ஒரு நகரம் செய்யும் செலவைத் தனியாக எழுதி, சர்க்காரிடம் காட்டித் தனி மானியம் கேட்க முடியாதா? வருஷா வருஷம் வரவு செலவுத் திட்டம் போடுகிறார்கள். தங்கம் விலையைத் தினந்தோறும் பத்திரிகையில் தேடிப் படிக்கிற நம்மில், அந்தத் திட்டத்தை ஒரு தடவையாவது வாங்கிப் புரட்டியவர் எத்தனை பேர்? நானே புரட்டியதில்லை. ஒரு பெண் கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது.

வகுப்பே கூடி ஒரு காகிதத்தில் நான்கு கேள்விகள் எழுதினோம். ஓர் அமாவாசைக்குக் கூடுதலாக எத்தனை பணியாளர், எத்தனை வண்டி? அதற்குச் செலவு எவ்வளவு? கோயில் பக்கத்துத் தரைக்கடை, வண்டி நிறுத்துமிடங்களால் நகராட்சிக்கு வரவு எவ்வளவு? தை அமாவாசைக்கென்று தனி மானியம் எப்போதாவது கேட்டதுண்டா? மாணவர்களுக்கு வோட்டு இல்லை. ஆகவே பகுதி சபையில் கேட்க வேண்டிய பொறுப்பு அவரவர் வீட்டுப் பெரியவர்களைச் சேர்ந்தது என்று தீர்மானமாயிற்று. அந்தப் பெண் காகிதத்தை நான்காக மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்துக் கொண்டாள்.

"எங்கப்பா கேக்க மாட்டாரு, சார், அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்றாள்.